தண்ணீர் கேட்ட இருவாட்சி

நங்கநல்லூரில், தண்ணி லாரி திரும்ப முடியாமல் முக்குகிற ஒரு சந்தில், கோகிலம் ஃப்ளாட்ஸ் என்று ஓர் எட்டு வீட்டுக் கட்டடம் உண்டு. அதன் மொட்டை மாடியில் பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், மீன் வந்த தெர்மாகோல் பெட்டி, உடைந்த வாஷ்பேசின் என்று கையில் அகப்பட்டதிலெல்லாம் மண்ணைப் போட்டு, கால் வைக்க இடமில்லாமல் செடி வளர்த்தாள் மரகதவல்லி. அத்தனையும் திருட்டுச் செடி. திருட்டு என்றதும் சுவரேறிக் குதித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள், அவளுக்கு முட்டிவலி. போகிற இடத்தில், வருகிற இடத்தில், பேசிக்கொண்டே நிற்கிற வாசலில், விரல் நீளத்துக்கு ஒரு கிளை, அவ்வளவுதான். கேட்டு வாங்கின செடி இரண்டு இலை விட்டுப் பட்டுப்போகும், கேட்காமல் கிள்ளின செடிதான் தழையும் என்று இந்த ஊர்ப் பெண்கள் நம்புகிறார்கள். பாதிப் பேர் நம்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், மரகதம் நிறுத்தவில்லை. அதற்கென்றே வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்து வைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் சபாபதி கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை எங்கேயாவது கூட்டிப்போவார். வண்டலூரில் புலி பார்ப்பார்கள், மெரினாவில் கால் நனைப்பார்கள், தீவுத்திடல் பொருட்காட்சியில் டெல்லி அப்பளம் தின்பார்கள்; போக ஓரிடமும் இல்லாத ஞாயிறுகளில் ஏர்போர்ட் வாசலில் நின்று, யாரோ யாரையோ வழியனுப்பி அழுவதைப் பார்த்துவிட்டு வருவார்கள். போகிற இடமெல்லாம் சபாபதி செல்போனில் படம் எடுப்பார். "அந்தச் செடி பக்கத்துல நில்லு, நல்லாருக்கும்" என்று அவரே சொல்லும்படி மரகதம் போய் நிற்பாள். "சிரி" என்பார், சிரிப்பாள். அவர் பொத்தானை அழுத்துகிற நேரம் இவள் முதுகுக்குப் பின்னால் நகத்தை அழுத்துவாள். டிக் என்று அங்கே ஒரு படமும், டிக் என்று இங்கே ஒரு கிளையும் விழும். வீட்டுக்கு வந்ததும் படம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போகும், கிளை ஈரத்துணி சுற்றிக் கைப்பையிலிருந்து மாடிக்குப் போகும். "ஏது இது?" என்று அவர் கேட்டால், "கீழ கெடந்தது, மிதிபட்டுச் சாகப்போகுதேன்னு எடுத்தாந்தேன்" என்பாள். ஆகா, என்ன ஜீவகாருண்யம்! அவரும் நம்பினார். கடைக்காரன் மீதிச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன், வேறெப்படி நினைப்பார்.

பங்குனி மாதத்து ஒரு சாயங்காலம், வெயில் சாய்ந்து, மரகதம் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் விட்டு ஓய்ந்த நேரத்தில், வண்டலூரில் கிள்ளிய குரோட்டன்ஸ் உறுமியது. புலி உறுமலேதான். உறுமி முடித்ததும் அதே செடியிலிருந்து ஒரு குழந்தை, "அப்பா, அது தூங்குதா, நடிக்குதா?" என்று கேட்டது, பிறகு சபாபதியின் குரல் "சிரி" என்றது, பிறகு டிக். அவ்வளவுதான், செடி செடியாக நின்றது. மரகதம் குழாயைத் திருகி மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உலையில் அரிசி போடக் கீழே இறங்கிப் போனாள். மறுநாள் மெரினா நடைபாதையில் கிள்ளிய பட்டுரோஸ் தளிர்விட்டு அலையடித்தது, "தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்" என்று கூவியது, "சிரி" என்றது, டிக். அதற்கும் மறுநாள் கோயில் நந்தவனத்துச் செம்பருத்தியில் நாதஸ்வரம் கேட்டது, நடுவில் "செருப்பை இங்க விடாதீங்கம்மா, எத்தினி தடவ சொல்றது" என்று யாரோ எரிந்து விழுந்தார்கள், "சிரி", டிக். கண் டாக்டர் வீட்டு மணி பிளான்ட் டோக்கன் நம்பர் கூப்பிட்டது. புதுத் தளிர் விட்ட செடியெல்லாம், தான் பிரிந்து வந்த அந்த ஒரு நொடியை, அந்த இடத்துச் சத்தத்தோடு, அந்தி நேரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கியது.

இந்த ஊரில் எது ஏன் நடக்கிறது என்று கேட்கிற வழக்கம் போய் ரொம்ப நாளாகிறது. தண்ணி லாரி ஏன் வரவில்லை என்பதற்கே பதில் கிடையாது, செடி ஏன் பேசுகிறது என்று யாரைப் போய்க் கேட்பது? கோகிலம் ஃப்ளாட்ஸ்காரர்கள் ஏன் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடு மாடியேறி வந்தார்கள். ஒருவர் வெங்காய பஜ்ஜி கொண்டுவந்தார், மறுநாள் இன்னொருவர் அதற்குப் பதில் மரியாதையாகச் சுண்டல் கொண்டுவந்தார். செக்ரட்டரி தணிகாசலம் உடனே கூட்டம் போட்டார், அவருக்குக் கூட்டம் போடாவிட்டால் சோறு செரிக்காது. பரீட்சை முடிகிறவரை புலிச்செடியை ஈரச்சாக்கு போட்டு மூடி வைப்பது என்றும், மூன்றாவது மாடியில் பெண் பார்க்க வருகிற அன்று "டோக்கன் நம்பர் முப்பத்தி நாலு" என்று கூப்பிடுகிற மணி பிளான்ட்டை மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டுவது என்றும், மாப்பிள்ளை வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது பாருங்கள், ஏகமனதாக முடிவானது. இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கையான கீழ்வீட்டு ராமபத்ரனுக்கு, அவர் கடலைப் பார்த்து வருஷக்கணக்காகிறது என்று, தினம் சாயங்காலம் மெரினா பட்டுரோஸைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் வைத்தார்கள்; அவர் போர்வைக்குள் காலை ஆட்டி அலையில் நனைத்துக்கொள்வார்.

"அதெல்லாம் சரி, கடைசியில டிக்குனு ஒண்ணு கேக்குதே, அது என்ன?" என்று கேட்டாள் இரண்டாவது மாடி பெனாசிர். பள்ளிக்கூடத்து டீச்சர், எதையும் பாதியில் விடமாட்டாள்.

"நான் படம் எடுத்த சத்தம்மா அது!" என்று சபாபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "என் போன்ல அப்பிடித்தான் கேக்கும். பாருங்க, சிரின்னு சொல்றேனா, அடுத்தாப்ல டிக். கரெக்டா பதிஞ்சிருக்கு."

எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். மரகதம் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு பஜ்ஜியை இடது கையால் எடுத்துத் தின்றாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் தாங்கிக்கொள்கிற வெட்கம், புடவையில் ரசம் சிந்தியது போல, மடித்துச் சொருகினால் மறைந்துவிடும்.

மாடி மூலையில், மஞ்சள் பெயிண்ட் வாளியில், ஓர் இருவாட்சிக் குச்சி மட்டும் பட்டும் போகாமல் துளிர்க்கவும் செய்யாமல் மார்கழியிலிருந்து நின்றுகொண்டிருந்தது. நர்சரிக்காரர்களே கையை விரிக்கிற செடி அது. ஒரு பூ பூத்தால் ஒரு வீடு மணக்கும். மற்ற செடிகள் அரட்டையடிக்கிற சாயங்காலங்களில் மரகதம் அந்தப் பக்கம் போவதே இல்லை, தண்ணீரைக்கூடத் தள்ளி நின்று வீசி ஊற்றிவிட்டு வந்துவிடுவாள். அதன் கணுவில் ஒருநாள் பச்சையாக எள்ளளவு ஒரு முளை தெரிந்தது. அதைக் கிள்ளிப் போட்டுவிடலாமா என்று நகம் வரை யோசனை வந்தது. அதற்குள் மாடியில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அன்று எல்லாச் செடியும் பேசி முடித்த பிறகு, நாற்காலிகளை மடக்குகிற நேரத்தில், இருவாட்சி பேசியது.

"மரகதம்..." என்றது. நாக்குத் தடித்த, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஓர் ஆம்பிளைக் குரல். "மரகதம்தானே... கொஞ்சம் தண்ணி குடேம்மா." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மரகதம்... தண்ணி." பிறகு டிக்.

மாடியே கரைந்துபோய்விட்டது. "ஐயோ பாவம், தாகத்துக்குத் தண்ணி கேக்குதுங்க!" என்று மூன்றாவது மாடிக்காரி கன்னத்தில் கைவைத்தாள். "வளத்தவங்க பேரைச் சொல்லிக் கூப்புடுது பாருங்க! புள்ளைங்ககூட இப்பல்லாம் அப்பிடிக் கூப்புடுறதில்ல" என்று தணிகாசலம் தழுதழுத்தார். "குடுத்துவச்சவங்க ஆன்ட்டி நீங்க" என்று பெனாசிர் அவள் தோளைத் தொட்டாள். மரகதத்துக்கு நிற்கிற தரை சுட்டது. ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீரை வாளியில் கவிழ்த்தாள். செடி மறுபடி கேட்டது. மறுபடி ஊற்றினாள். மறுபடி கேட்டது. விளக்கு வைத்து நன்றாக இருட்டும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் குரல் ஏகாம்பரத்தினுடையது. மரகதத்துக்கு ஒரு "ஹலோ" போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். பக்கத்து இருக்கையில் அதே வேலை பார்த்தவள் குணசுந்தரி; ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒரே தீபாவளிக்கு ஒரே நிறத்தில் புடவை எடுத்தவர்கள். குணாவின் புருஷன்தான் ஏகாம்பரம். பெரம்பூரில் அவர்கள் வீட்டு வாசலில், ஜன்னலை ஒட்டி, அவர் வைத்து வளர்த்த இருவாட்சி இருந்தது. மார்கழியில், அவர் பக்கவாதம் வந்து விழுந்து கிடந்தபோது, மரகதம் பார்க்கப் போனாள், தனியாக. "இரு, உனக்குக் காப்பி போடத் தூள் இல்ல, இதோ வாங்கியாந்துடறேன், அவரைப் பாத்துக்க" என்று குணா கடைக்குப் போனாள். மரகதம் வாசலுக்கு வந்தாள். எத்தனை வருஷத்து ஆசை! கேட்டால் குணா ஒரு கிளை என்ன, வேரோடு தோண்டிக் கொடுத்திருப்பாள், அப்படிக் கொடுத்தால் துளிர்க்காதே. இருவாட்சியின் தண்டு முற்றியிருந்தது, நகம் இறங்க நேரமானது. அப்போதுதான் ஜன்னலுக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டார். பாதி கிள்ளிய கிளை கையில். விட்டுவிட்டு உள்ளே போனால் குணா வந்துவிடுவாள். காது கேட்காதவள் போல நின்றாள், அதுவும் இவள், காதை வைத்தே பிழைத்தவள். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். டிக். கிளை பைக்குள் போனது. குணா தெருமுனையில் வருவதைப் பார்த்ததும், அவள்தான் வந்துவிட்டாளே, அவள் கொடுப்பாள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு, "காப்பி வேணாம் குணா, ட்ரெயின் போயிடும்" என்று நடையைக் கட்டினாள்.

தை மாதம் ஏகாம்பரம் இறந்துபோனார். அந்தத் தண்ணீர் கிடைக்காததால் இல்லை, இரண்டாவது தரம் வாதம் வந்து. ஆனால் சாவு வீட்டில் குணா அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது சொன்னாள்: "ஒரு நாள்கூட அவரைத் தண்ணிக்குத் தவிக்க விட்டதில்லடி நான். நான் கடைக்குப் போனப்பகூட நீ குடுத்தியாமே, அவரே சொன்னாரு. மறக்க மாட்டேன்டி." அத்தனை பேர் பார்க்க மரகதம் தலையாட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினாள். கிளையைக் கிள்ளியதையாவது பழக்கதோஷம் என்று தள்ளலாம், அந்தத் தலையாட்டலை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது? அதற்குப் பிறகு குணாவின் போன் வந்தால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவாள்.

கோகிலம் ஃப்ளாட்ஸில் புலியையும் சுண்டல்காரரையும் எல்லாரும் மறந்துபோனார்கள். சாயங்காலமானால் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரோடு மாடிக்கு வந்து இருவாட்சியைச் சுற்றி நிற்பார்கள். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். எவ்வளவு ஊற்றினாலும் வாளி நிறையவுமில்லை, வேர் அழுகவுமில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஊற்றிவிட்டுப் போனால் பாஸ் என்று ஆனது. கல்யாணம் தட்டிக்கொண்டே போனவள் ஊற்றினாள், ஜாதகம் பொருந்தியது. அந்த வாரம் தண்ணி லாரி வரவில்லை, சம்ப் வறண்டு மோட்டார் காற்றைக் குடித்தது. மரகதம் உள்ளுக்குள் ஒரு நப்பாசையோடு, "இனிமே அந்தச் செடிக்கு வேணாங்க, மனுஷங்களுக்கே இல்ல" என்று தணிகாசலத்திடம் சொல்லிப் பார்த்தாள். அவர், செடி வளர்க்கிறேன் பேர்வழி என்று தண்ணீரை வீணடிப்பதாக அவளோடு வருஷம் முழுக்கச் சண்டை போட்ட மனுஷன், "என்னம்மா பேசுறீங்க! வாய் விட்டுத் தண்ணி கேக்குது. இல்லைன்னு சொல்ல நாம என்ன கல்லா?" என்று கேன் தண்ணீரிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

நோன்பு மாதம் நடந்துகொண்டிருந்தது. பெனாசிர் நாளெல்லாம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்து, காற்றாட மாடியில் உட்கார்ந்து, தட்டில் பேரீச்சம்பழமும் ஒரு டம்ளர் தண்ணீருமாகப் பாங்குக்குக் காத்திருந்தாள். வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லாத நாள். அந்த ஒரு டம்ளர்தான். பாங்கு ஒலித்தது, டம்ளர் உதட்டுக்குப் போனது, அந்த நேரம் பார்த்து இருவாட்சி, "மரகதம்தானே... கொஞ்சம் தண்ணி குடேம்மா" என்றது. பெனாசிர் டம்ளரை உதட்டிலிருந்து எடுத்தாள். எழுந்து போய்ப் பாதியை வாளியில் ஊற்றினாள். மீதியைத்தான் குடித்தாள்.

"முதல்ல நீ குடிச்சுட்டு ஊத்தக்கூடாதாம்மா?" என்றாள் மரகதம்.

"கேக்குறவங்களுக்கு அப்புறம்தானே ஆன்ட்டி நமக்கு" என்றாள் பெனாசிர், சர்வசாதாரணமாக, பேரீச்சங்கொட்டையைத் துப்பிக்கொண்டே.

மரகதம் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சபாபதி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாளாகவே அவர் ஒரு கணக்கில் இருந்தார். "ஏன் மரகதம்" என்று மெதுவாகக் கேட்டார், "இந்தச் செடி மட்டும் சிரின்னு சொல்லலியே. நான் கூட வரவே இல்லியே இதுக்கு. அப்ப அந்த டிக்கு யாரோடது?" அவர் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, மடங்கிய விரல்களுக்குள் ஒளிந்திருந்த கட்டைவிரலில் போய் நின்றது. மாடியில் நிற்கிற அத்தனை செடியையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். காலையில் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் நகவெட்டியை வைத்துவிட்டு வாக்கிங் போய்விட்டார்.

நகத்தை வெட்டினாள். சாயங்காலம் வாளியைத் தூக்கினாள். குணாவுக்கு அந்த ஒரு நிம்மதியாவது இருக்கட்டுமே, தண்ணிக்குத் தவிக்க விடவில்லை என்ற நிம்மதியை நாமா போய்ப் பிடுங்குவது என்று ஒரு சமாதானம் படிக்கட்டு முழுக்க அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. நல்ல சமாதானம்தான், ஆனால் அது யாரைக் காப்பாற்றுகிற சமாதானம் என்று அவளுக்கே தெரியும்.

பழவந்தாங்கலில் ட்ரெயின் ஏறும்போதே வெயில் சாய்ந்துவிட்டது. லேடீஸ் பெட்டியில் மடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். கிண்டி தாண்டியதும் செடி கேட்க ஆரம்பித்தது. பெட்டியில் யாரும் திரும்பிப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை. "பாவம்" என்று ஒரு கல்லூரிப் பெண் பாட்டிலைச் சாய்த்தாள். பூக்காரம்மா கூடையில் பூ வாடாமலிருக்கத் தெளிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றி, "யாருக்கா அது, மரகதம்? இம்மாம் கெஞ்ச வுடுறாளே" என்றாள்.

"நான்தான்" என்றாள் மரகதம்.

பூக்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பூங்காவில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, பெரம்பூர் வண்டி பிடித்துப் போகிறவரை, கேட்ட வாய்க்கு யார் யாரோ கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

குணா கதவைத் திறந்தாள். இளைத்துப் போயிருந்தாள். "வாடி! இப்பதான் வழி தெரிஞ்சுதா? என்ன இது வாளி கீளியெல்லாம்" என்று சிரித்தவள், வாளிக்குள்ளிருந்து "மரகதம்" என்று முதல் சொல் வந்ததுமே கதவைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அதே இருக்கையில் உட்கார்ந்து காதைத் தீட்டியவள்தானே. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், புருஷன் செத்து முழுசாக மூன்று மாதம்கூட ஆகாதவள் முகத்தில், அந்த வெளிச்சத்தைப் பார்க்க மரகதத்துக்குக் கண் கூசியது. "அவர்டி! அவரேதான்டி!" என்று தரையில் உட்கார்ந்து வாளியைக் கட்டிக்கொண்டாள். செடி கேட்டு முடித்தது. டிக். மறுபடி கேட்டது. டிக். குணாவின் கை வாளியிலிருந்து மெல்ல நழுவியது.

"இந்த டிக் என்ன?"

மரகதம் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்குப் போனது, கிளை கிள்ளியது, கூப்பிட்டது கேட்டது, கேட்காத மாதிரி நின்றது, சாவு வீட்டில் தலையாட்டியது, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அழுகை வரவில்லை, அழுதால் அதுவும் ஒரு நடிப்பாகிவிடும் என்று பயமாக இருந்தது.

குணா வாசல் இருவாட்சியைத் திரும்பிப் பார்த்தாள். "ஜன்னல் வழியா உன்னப் பாத்திருப்பாரு" என்றாள். "நான் வந்ததும் தண்ணி வேணுமான்னு கேட்டேன். உதடு காஞ்சு கெடந்துச்சு. 'மரகதம் குடுத்துட்டா'ன்னாரு. அப்பறம் ஏன் இந்தக் குடி குடிக்கிறாருன்னு நெனச்சேன்." "கல்யாணமாகி இத்தினி வருஷத்துல அவர் என்கிட்ட சொன்ன ஒரே பொய். அதுவும் உனக்காக."

உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். மரகதத்தின் கையில் வைத்தாள். "குடு" என்றாள்.

செடி கேட்டது. மரகதம் ஊற்றினாள். கேட்டது, ஊற்றினாள். சொம்பு காலியாக ஆக, குணா நிரப்பி நிரப்பிக் கையில் வைத்தாள், திட்டவில்லை, அழவில்லை. நன்றாக இருட்டி, செடி ஓய்ந்ததும், மரகதம் எழுந்தாள். "நாளைக்குக் கேப்பாரே, யார் குடுப்பா?" என்றாள் குணா. எப்போதும் ஒட்டிவருகிற 'டி' போயிருந்தது.

அன்றிலிருந்து மரகதம் தினம் போகிறாள். அவள் மாடியை பெனாசிரும் தணிகாசலமும் பார்த்துக்கொள்கிறார்கள். சபாபதி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிக்கொண்டு, வண்டலூருக்கும் மெரினாவுக்கும் கோயிலுக்கும் போய், மன்னிப்புக் கேட்டு நட்டுவிட்டு வருகிறார், படம் எடுப்பதில்லை. ராமபத்ரன் ஜன்னலில் அலையடிக்கிற பட்டுரோஸை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். மரகதம் வெயில் தாழ ட்ரெயின் ஏறி, பெரம்பூரில் இறங்கி, குணாவின் வாசலில் வாளிக்கு எதிரே உட்காருவாள். குணா சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வாங்க என்றே சொல்கிற ஊரில், அந்த வீட்டில் மரகதத்துக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. சொம்பில் இருப்பது செடிக்கு. அதிலிருந்து ஒரு மிடறு எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. தண்ணீர் இருக்கிற வீட்டில் தாகத்தோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. ஒருநாள் பேசின் பிரிட்ஜில் வண்டியை வெகுநேரம் நிறுத்திப்போட்டு, அவள் வந்து சேர்ந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாளி இருவாட்சியில் அன்றுதான் முதல் மொட்டு விட்டிருந்தது, அதைப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. சொம்பை இன்னும் கொண்டுவந்து வைக்கவில்லை. செடி கேட்டது: "கொஞ்சம் தண்ணி குடேம்மா." எந்த நேரத்தில் வாயைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது, நாக்குக் குழறி, அதே வார்த்தை அவள் வாயிலிருந்தும் வந்தது. "குணா... குணாதானே... கொஞ்சம் தண்ணி குடேன்."

உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. இருவாட்சி மறுபடி கேட்டது. மரகதமும் மறுபடி கேட்டாள். பிறகு பானை மூடியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. எக்ஸ்சேஞ்சில் பழகிய காது, தப்பாது, ஒரு டம்ளர் இல்லை, இரண்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. குணாவின் காலடி வாசலை நோக்கி வந்தது. மரகதத்தால் தலையை நிமிர்த்த முடியவில்லை.